கழுவாத வாசனை

எபநேசர் கையிலிருந்த பாம்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கொளத்தூர்ச் சந்தையில் அதைக் கண்டு சிரிக்காதது அந்தப் பாம்பு ஒன்றுதான்.

"இன்னா சார் பண்ற?" என்றான் தரகன் தேசிங்கு.

"நீதானேப்பா சொன்ன, இது வாசனை உள்ளது, அது வாசனை இல்லாததுன்னு. எனக்கு எல்லாமே ஈர மண்ணு மாதிரிதான் இருக்கு."

தேசிங்கு தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். "மூக்கால பாக்குற வாசனை இல்ல சார். பூர்வ ஜென்ம வாசனைன்றாங்களே, அந்த மாதிரி. முன்னாடி இருந்த வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கினு இருந்தா அது வாசனை உள்ளது. மிஷின் பொட்டியில வச்சுக் கழுவிட்டா வாசனை போயிடும். கழுவினதுக்குத்தான் ஊர்ல கிராக்கி. நீ இன்னாடான்னா கழுவாதது வோணும்னு நாலு வாரமா சுத்துற."

எபநேசர் பாம்பைப் பெட்டியில் பத்திரமாக வைத்தார். அறுபத்து மூன்று வயது. ரயில் பெட்டிகளின் குளிர்சாதனத்தைப் பழுது பார்த்தே முப்பத்தைந்து வருஷம் ஓட்டி, பெரம்பூரில் சொந்த வீட்டோடு ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் எங்கே முனகுகிறது என்று காது வைத்தே சொல்லிவிடுவார். பாம்பு விஷயத்தில் அவருக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. வீட்டில் நான்கு வருஷம் ஒரு பாம்பு இருந்ததே தவிர, அது அவருடைய பாம்பு இல்லை.

சென்னைவாசிகள் பாம்பை வீட்டுக்குள் விட்ட கதை பெரிய கதை. நாய் குரைத்தால் அபராதம், பூனை எதிர்வீட்டுப் பால்கனிக்குத் தாவினால் வழக்கு என்று அடுக்குமாடிச் சங்கங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பண்ணையில் பிறந்த பாம்பை வளர்க்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. பந்துப் பாம்பு என்று பெயர். விஷம் கிடையாது. பயந்தால் தலையை உள்ளே ஒளித்துப் பந்தாகச் சுருண்டுவிடும். பத்து நாளுக்கு ஒரு எலி போதும், குரைக்காது, சோபாவைக் கிழிக்காது. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று பழமொழி சொல்லிக்கொண்டிருந்த ஜனம், மூன்றே வருஷத்தில் அதை மடியில் போட்டுக்கொண்டு சீரியல் பார்த்தது.

"பாம்புக்கு ஞாபகம் ஏது சார்?" என்றான் தேசிங்கு, அடுத்த வரிசைக்கு நடந்தபடி. "அதுக்குன்னு ஒரு நூலு இருக்குது. முடியைவிடச் சன்னம். குட்டியா இருக்கும்போதே முதுகெலும்போட சேத்து உள்ள உட்டுடுவாங்க. யாரு தூக்குறாங்க, உடம்புச் சூடு எப்டி, எந்த நேரத்துக்கு இன்னா செய்றாங்கன்னு எல்லாத்தையும் நூலு வாங்கி வச்சுக்கும். பழகு நூலுன்னு பேரு. நூலு பழகுது, பாம்பு ஆடுது. அவ்ளோதான்."

"கழுவிட்டா?"

"வெறும் நூலு. யாரு தூக்குனாலும் சும்மா கெடக்கும். கொழந்தைங்க இருக்குற வீட்டுல அதான் கேப்பாங்க. கழுவாதது ஒரு மாதிரி சார். இதைப் பாரு."

அவன் ஒரு பெட்டிக்கு மேல் சும்மா கையை ஓங்கினான். உள்ளே இருந்த பாம்பு சடாரென்று கழுத்தை வளைத்துப் பின்வாங்கிச் சீறியது. உடம்பில் ஒரு காயம் இல்லை, கண் தெளிவாக இருந்தது, தோல் மினுமினுத்தது.

"அடி உழுந்த வீடு. பாம்பை அடிச்சாங்களோ, பொண்டாட்டியை அடிச்சாங்களோ, நமக்குத் தெரியாது. கையைத் தூக்குனாலே இதுக்கு ஆவாது. இதோ, இந்த வெள்ளை இருக்குதே, சாயங்காலம் ஆறு மணியானா கதவாண்ட போய் படுத்துக்கும். யாரோ ஆபீஸ்லேந்து வருவாங்கன்னு. எட்டு மணி வரைக்கும் அசையாது. இதையெல்லாம் எவன் சார் காசு குடுத்து வாங்குவான்? அதான் கவர்மென்ட்டே சொல்லிடுச்சே, நாளையிலேந்து கழுவாம எதையும் விக்கக் கூடாதுன்னு. இன்னிக்கு இருக்குறது மிச்சம் மீதி. நாளைக்குக் காலையில எல்லாம் மிஷின் பொட்டிக்குள்ள போயிடும்."

அதற்குப் பயந்துதான் எபநேசர் வரிசை வரிசையாகத் தேடினார். இன்று கிடைக்காவிட்டால் என்றைக்கும் கிடைக்காது. ஜடை என்ற பாம்பு எங்கேயாவது உயிரோடு இருக்கும். ஆனால் அவருடைய மனைவி பிரிசில்லா அதில் இருக்க மாட்டாள்.

ஜடை என்று பேர் வைத்தது பிரிசில்லாதான். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிப்போன மாதம், எதற்கோ கடைத்தெருவுக்குப் போனவள் பாம்போடு திரும்பி வந்தாள். கடைக்காரன் நாக்கு நீட்டுகிற வேகத்தைப் பார், பிடியைப் பார், கண்ணைப் பார் என்று என்னென்னவோ சொன்னானாம். இவள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக வாங்கித் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள், புடவைக் கடையில் முந்தானை பார்ப்பதைப் போல. மூன்றாவது பாம்பு இடது கையில் ஏறி, பிடரியைச் சுற்றி, வலது தோள் வழியாக முன்னால் தொங்கியது. கறுப்பும் பழுப்புமாய்ப் பின்னல் பின்னலாய். "இதான் என் ஜடை, பேக் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டாள்.

"முடி போனா என்னங்க, விலைக்கு வாங்கிட்டேன்" என்று வாசலில் நின்று சொன்னபோது எபநேசருக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. அதை அடக்கத் தெரியாமல் பாம்பைத் திட்டினார்.

அப்புறம் நான்கு வருஷம். தினமும் மாலை நாலு மணிக்கு டீ போட்டுத் தம்ளரை இடது கையில் பிடித்துக்கொள்வாள். மேசையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. அந்த அதிர்வு போதும், மூலைப் பெட்டியிலிருந்து ஜடை இறங்கி வரும். சூடேறிய கையில் ஏறும். பிரிசில்லா கழுத்தை லேசாக இடப்பக்கம் சாய்த்து வலது தோளை ஒழித்துக் கொடுப்பாள். அது தொங்கி, தம்ளரின் சூட்டில் தன் முகவாயை வைத்துக்கொள்ளும். அவள் தம்ளரை அரைவட்டம் திருப்பி மறுபக்கத்தில் வாய் வைத்துக் குடிப்பாள். எதிர் நாற்காலியில் எபநேசர் பேப்பர் படிப்பதைப் போலப் பாவனை செய்வார். அவருக்கு அந்தப் பாம்பின் மேல் பொறாமை. நோய்க்காரியின் தோளில் சாய அதற்கு உரிமை இருந்தது, அவருக்கு எங்கே தொட்டால் வலிக்குமோ என்ற பயம்.

அடக்கம் முடிந்து நாற்பது நாள் பொறுத்துப் பார்த்தார். நாற்பது நாளும் நாலு மணிக்கு ஜடை தானே மேசைக்கு வந்து, அவளுடைய நாற்காலிக்கு நேராகத் தலையை வைத்துக் காத்திருந்தது. நாற்பத்தோராம் நாள் அதைப் பையில் போட்டு இதே கொளத்தூரில் ஒரு கடையில் விட்டுவிட்டு, கொடுத்ததை எண்ணாமல் வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். வீட்டில் நாலு மணி என்று ஒன்று வருகிறது, யாரும் மேசையைத் தட்டுவதில்லை. செய்தது பெரிய பாவம் என்று அவருக்குத் தெரிந்தது.

தேசிங்கு கடைசி வரிசைக்கு வந்து நின்றான். "இங்க பதினோரு பொட்டி இருக்குது. எல்லாம் கழுவாதது, நீ சொல்ற வயசு. பொட்டிக்காரன் சாப்புடப் போயிட்டான், பேச்சு என் கையில. ஒண்ணு சொல்றன் கேட்டுக்கோ. மொத வாயைப் பாரு, நுரை இருந்தா நெஞ்சுச் சளி. முதுகுத்தண்டு துருத்திக்கினு இருந்தா எடுக்காத. கையில வச்சா கயிறு மாதிரித் தொங்கக் கூடாது, புடிச்சுக்கணும். நாக்கு மெதுவா வந்து போவணும். முக்கியமா, புடிச்சாலும் மூஞ்சியில காட்டிக்காத. மூஞ்சியில ஆசை தெரிஞ்சா வெலை ஏறும். நானே ஏத்துவேன், அதான் என் தொழிலு."

எபநேசர் டீக்கடையில் போய்ச் சூடாக ஒரு டீ வாங்கி வந்தார். அன்றைக்கு அது நான்காவது டீ. கிளாஸை இடது உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்து, பலகையில் இரண்டு தட்டு தட்டி, கையை நீட்டினார். ஒன்று சுருண்டு பந்தாகியது. ஒன்று தலையைக் கூடத் தூக்கவில்லை. மூன்றாவது பாம்பு கிளாஸைப் பார்த்துச் சீறியது. ஆறாவது பெட்டியில் டீ ஆறிவிட்டது, ஐந்தாவது டீ வாங்க வேண்டியதாயிற்று.

ஒன்பதாவது பெட்டி. இரண்டு தட்டு.

உள்ளே இருந்த சுருள் அவிழ்ந்தது. தலை மட்டும் வெளியே வந்து, நாக்கை ஒரு தரம் மெதுவாக நீட்டி, அவருடைய இடது கையின் சூட்டைத் தேடி ஏறியது. முழங்கை, தோள், பிடரி. சில்லென்ற கனம். அவர் தன்னையறியாமல் கழுத்தைச் சாய்த்தார். வலது தோள் வழியே இறங்கி மார்பில் தொங்கி, கிளாஸின் மேல் முகவாயை வைத்தது.

மூஞ்சியில் காட்டிக்கொள்ளாதே என்று தேசிங்கு சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. எபநேசர் சந்தை நடுவில் நின்று அழுதார். கை நடுங்கியது. நடுங்கிய அந்த நிமிஷம், இடது மணிக்கட்டில் சுற்றியிருந்த வால் இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. யாரோ கையைப் பிடித்துப் பிடித்து விடுவதைப் போல.

அவர் அழுகையை நிறுத்தினார். இது ஜடையின் பழக்கம் இல்லையே. நான்கு வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அது இப்படிச் செய்து பார்த்ததில்லை.

"நடுவுல வேற யார்கிட்டயோ இருந்திருக்கு" என்றார். "வால்ல ஏதோ புதுப் பழக்கம் வந்திருக்கு. தேசிங்கு, இதை மட்டும் கழுவ முடியுமா? மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்."

"சட்னி அரைச்சப்புறம் உப்பை மட்டும் எடுன்னா எப்டி சார்? கழுவுனா எல்லாம் போவும். வோணுமா, வோணாமா?"

"வேணும்."

தேசிங்கு தோள் துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் விரித்தான். அவன் வீட்டில் மூன்று தலைமுறை மாட்டுத் தரகு. மாடு போய்ப் பாம்பு வந்தாலும் துண்டு போகவில்லை. விலையை வாய் திறந்து சொல்லக் கூடாது. துண்டுக்கு அடியில் கைகளைக் கோத்து, விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக் கையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. பத்தாயிரம் கணக்கு. சம்மதமானால் மற்றவன் ஒரு தரம் அழுத்த வேண்டும். துண்டை எடுத்துவிட்டால் பேரம் முடிந்தது.

எபநேசர் வலது கையைத் துண்டுக்குள் விட்டார். தேசிங்கு பிடித்தான். நாலு என்று எபநேசருக்குப் புரிந்தது. சம்மதம் என்று அழுத்தினார். துண்டு எடுபட்டது. பணத்தைக் கொடுத்தபோதுதான் வம்பு வந்தது.

"சார், நாலு குடுக்குற. அஞ்சு பேசுனோம்."

"நாலுதானேப்பா பிடிச்ச."

"முழுக் கையையும் சேத்துப் புடிச்சேன். முழுக் கைன்னா அஞ்சு. பச்சைக் கொழந்தைக்குத் தெரியும்."

எபநேசர் வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரல் இருந்த இடத்தில் ஒரு மொட்டு மட்டும் இருந்தது. இருபத்தெட்டு வயதில் ஒரு ரயில் பெட்டியின் காற்றாடி வாங்கிக்கொண்ட விரல் அது. "என் முழுக் கை நாலுதான் தேசிங்கு."

பக்கத்துப் பெட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேசிங்கு தலையில் அடித்துக்கொண்டான். "எங்க நைனா சொல்வாரு, துண்டுல கையை உட்றதுக்கு முன்னாடி விரலை எண்ணுடான்னு. இன்னிக்குத்தான் அர்த்தம் புரியுது. சரி சார், விரல் தப்புனா பேரம் தப்பு. மொதல்லேந்து பேசணும். பாம்பைப் பொட்டியில வையி."

"அப்போ நானும் கேக்கலாமா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

முப்பது வயதிருக்கும் ஒரு பெண், மூச்சிரைக்க நின்றாள். மெட்ரோ ரயில் ஓட்டுபவர்களின் நீலச் சட்டை, வலது கையை மட்டும் பேன்ட் பைக்குள் ஆழமாகச் செருகியிருந்தாள். "அண்ணே, காலையிலயே வந்து பாத்துட்டுப் போனேனே, பணம் எடுத்துட்டு வர்றேன்னு சொன்னேனே. அது என்னோட பாம்பு. எங்க மாமியார் எனக்குத் தெரியாம வித்துட்டாங்க."

"பொட்டிக்காரன்கிட்ட சொல்லியிருப்ப, என்கிட்ட யாரும் சொல்லலையே" என்றான் தேசிங்கு. பேரம் தப்பினால் அப்போது எதிரே நிற்கிற எவரும் கேட்கலாம் என்பது சந்தை வழக்கம். இரண்டு பேர் முகத்திலும் ஆசை எழுதி ஒட்டியிருந்தது. தரகனுக்கு இதைவிட நல்ல நாள் வராது. ஆனாலும் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டான். "மொத ஆளுக்கு ஒரு டீ குடிங்க. அப்பால சண்டை போடலாம்."

பாம்பைப் பெட்டியில் வைத்து மூடிய எபநேசருக்குக் கோபம். யாரோ ஒருத்தி, வாலில் என்னத்தையோ பழக்கிவிட்டவள், இவள்தான். டீ வந்தது. அவள் அதை இடது கையில் வாங்கினாள். பெட்டிப் பலகையில் விரல் முட்டியால், யோசனையில்லாமல், இரண்டு தட்டு தட்டினாள். கழுத்து லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. தோளில் எதுவும் இல்லை. கிளாஸை அரைவட்டம் திருப்பி, மறுபக்கத்தில் வாய் வைத்துக் குடித்தாள்.

எபநேசர் கையிலிருந்த டீ அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்மா கிளாஸைத் திருப்பின?"

அவள் கிளாஸைப் பார்த்தாள். "தெரியல சார். பழகிடுச்சு. அது வந்து இந்தப் பக்கம் முகத்தை வச்சுக்கும். அதுக்கு இடம் விட்டு விட்டு... இப்ப அது இல்லன்னாலும் கை தானா திருப்புது. எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு."

"தட்டுறதும் அப்படித்தானா?"

"முதல்ல அது வரவே வராது சார். ஒருநாள் கை நடுங்கி டீ கிளாஸு மேசையில தடதடன்னு இடிச்சுது. உடனே வந்துடுச்சு. அப்புறம் நானா பாத்துப் பாத்து, ரெண்டு தட்டு, சூடு, இடது கைன்னு ஒண்ணொண்ணா கத்துக்கிட்டேன். நான் அதுக்குச் சொல்லித் தரல. அதுதான் எனக்குச் சொல்லித் தந்துச்சு."

பெயர் அகல்யா என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் ஓட்டிய ரயிலின் முன்னால் ஒருவர் குதித்துவிட்டார். அன்றிலிருந்து பிரேக் பிடியில் கை வைத்தால் நடுங்கியது. மருத்துவர்கள் மாத்திரை கொடுத்தார்கள், விடுப்புக் கொடுத்தார்கள். கழுவாத பாம்பு மலிவு என்று கொளத்தூரில் இதை வாங்கினாள். ஆறு மாதத்தில் மறுபடி ரயில் ஓட்டினாள். போன மாதம் பயிற்சிக்காக அவள் வெளியூர் போன நேரத்தில், வீட்டில் பாம்பு இருந்தால் பிள்ளை தங்காது என்று மாமியார் விற்றுவிட்டார். நடுக்கம் திரும்பி வந்துவிட்டது. நாளை மறுநாள் அவளுக்கு வேலைக்குத் தகுதி பார்க்கிறார்கள். மறுபடி பைக்குள் செருகியிருந்த வலது கையை எடுத்துக் காட்டினாள். அது சின்னதாக, ஓயாமல், ஓடுகிற கம்ப்ரஸரைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது.

எபநேசரின் கோபம் பாதி இறங்கியது. மீதி பாதி இறங்க மறுத்தது. "கஷ்டம்தான்மா. ஆனா அது எங்க வீட்டுப் பாம்பு. நீ பாக்குற தட்டு, திருப்பு எல்லாம் என் வீட்டுக்காரியோடது. அந்த வால் பழக்கம் மட்டும்தான் உன்னோடது. கையைப் பிடிக்கச் சொல்லித் தந்தியே, அது."

"இல்லையே சார்."

"என்ன இல்ல?"

"வாங்கிட்டுப் போன முதல் ராத்திரியே அது பிடிச்சுது. நான் பயந்துட்டேன், நசுக்கப்போகுதோன்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, கை நடுங்குனா மட்டும்தான் பிடிக்குது. நின்னுடுச்சுன்னா விட்டுடுது." அவள் பெட்டியைப் பார்த்தாள். "பகல்ல பிடிக்கிறது என்கிட்ட அப்புறமா பழகினது, முதல்ல டீ நேரத்துல பிடிக்கவே பிடிக்காது. தனியா, விளக்கெல்லாம் அணைச்சப்புறம்தான். முன்னாடி வச்சிருந்தவங்களுக்கு அந்த நேரத்துலதான் நடுங்கியிருக்கணும் சார். ரொம்ப நாள் நடுங்கியிருக்கணும். ரெண்டு மூணு தடவையில நூலு இவ்ளோ நல்லாப் பிடிச்சுக்காது."

பிரிசில்லாவுக்குக் கை நடுங்கி எபநேசர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸுகளைச் சிரிக்க வைத்தவள் அவள். அறிக்கைகளை அவரைவிட நிதானமாகப் படித்தவள். "எனக்கென்னங்க பயம், நீங்க பயப்படாம இருங்க" என்று தினமும் சொன்னவள். கடைசி வருஷம் அடுத்த அறையில் படுத்துக்கொண்டாள், நான் புரள்வது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று. பாம்பை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் அதற்கும் பொறாமைப்பட்டார்.

பன்னிரண்டடி தள்ளி, ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், அவள் பயந்து நடுங்கியிருக்கிறாள். அவர் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். அதைத்தான் கொஞ்ச நேரம் முன்னால் வேறு யாரோ ஒட்டவைத்த அழுக்கு என்று நினைத்து, கழுவித் தரச் சொல்லிக் கேட்டார்.

அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கவும் பயமாக இருந்தது.

"ஏம்மா, அது அப்படிப் பிடிச்சா... நடுக்கம் நின்னுடுமா?"

"நின்னுடும் சார்."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லாத."

"எண்பது எண்ணுறதுக்குள்ள நின்னுடும். நான் எண்ணியிருக்கேன். அப்புறம் நல்லா தூக்கம் வரும்."

எபநேசர் மெல்லத் தலையாட்டினார். அப்படியானால் அவளும் தூங்கியிருப்பாள். யாராவது ஒருத்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரண்டு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. அழுகை வந்தது, இந்தத் தடவை அவர் அதை அடக்கவில்லை.

தேசிங்கு துண்டை விரித்தான். அவருக்கே முதல் முறை கொடுத்தான். "சார், அஞ்சுன்னு ஒரு அழுத்து அழுத்து. மறுபேச்சு கெடையாது, உனக்கே முடிச்சுடறன். உன் பையில ஆறு இருக்குது, நான் பாத்துட்டன்."

எபநேசர் கையைத் துண்டுக்குள் விடவில்லை. சந்தை வழக்கத்துக்கு விரோதமாக, நாலு பேர் பார்க்க, கையை வெளியிலேயே விரித்துக் காட்டினார்.

"நல்லா எண்ணிப் பாரு தேசிங்கு. என்கிட்ட நாலுதான் இருக்கு. அதுக்கு மேல என்னால முடியாது."

தேசிங்கு அந்தக் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். மூன்று தலைமுறைத் தரகன், பொய் எது என்று அவனுக்குத் தெரியாதா. துண்டை அகல்யாவின் பக்கம் திருப்பினான். நடுங்கிய கை உள்ளே போயிற்று. அவன் எவ்வளவு பிடித்தான் என்பது அந்தத் துண்டுக்கே வெளிச்சம். அவள் ஆச்சரியத்தோடு அவனை நிமிர்ந்து பார்த்ததிலிருந்து, ஐந்து இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பெட்டி திறந்தது. பாம்பு அவளுடைய இடது கையில் ஏறிப் பிடரியைச் சுற்றி வலது தோளில் இறங்கியது. கறுப்பும் பழுப்புமாய்ப் பின்னல் பின்னலாய். அவள் கழுத்தைச் சாய்த்து இடம் கொடுத்தாள். அவள் அருகே நீட்டிய வலது மணிக்கட்டை வால் தேடிப் பிடித்தது. எபநேசர் மனசுக்குள் எண்ணினார். எழுபத்திரண்டில் அவளுடைய கை நின்றது.

"உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு சார்?"

"ஜடை. நீ என்ன பேர் வச்ச?"

அகல்யா கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நான் பேர்னு வைக்கல. முதல் ராத்திரி யாரோ ஒரு அக்கா பக்கத்துல வந்து உக்காந்து கையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அதனால அக்கான்னே கூப்பிட்டுப் பழகிட்டேன்." அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, போலாமா? சாருக்குப் போயிட்டு வர்றோம்னு சொல்லு."

எபநேசர் நாலு விரலையும் தூக்கி ஆட்டினார்.

"ரெண்டு பேரும் பாத்துப் போங்க" என்றார்.